சவுரிமுத்துவின் அறுபதாவது தாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் சவுரிமுத்து அண்ணனை நல்லவர் என்று சொல்லாத ஆள் கிடையாது. நானும் பதினான்கு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அந்த வார்த்தையை எடுத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பாதி அவர் மேல், மீதி என் மேல்.

என் பெயர் ஸ்ரீவித்யா. மேற்குத் தாம்பரத்தில் நாலு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்து, தாம்பரம் மேம்பாலப் படிக்கட்டில் நாலு பேர் முழங்கையை வாங்கிக்கொண்டு இறங்கி, எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடுகிறவள். சவுரிமுத்து அண்ணன் எனக்கு முன்பே வந்துவிடுவார். கோவிலம்பாக்கத்திலிருந்து டி.வி.எஸ். வண்டியில் மேடவாக்கம் நெரிசலைத் தாண்டி ஏழரைக்கெல்லாம் தியேட்டரில் பச்சை உடையோடு நிற்பார். மயக்க மருந்து டெக்னீஷியன் என்பது அவருடைய வேலை. ஆனால் அதற்கான படிப்பு எதையும் அவர் படிக்கவில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர், டாக்டர்கள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டார்.

இடுப்புக்குக் கீழே எந்த ஆபரேஷன் என்றாலும் முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். முதுகில் ஊசி போட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் மரக்க வைப்பார்கள். ஹெர்னியா, மூலம், கால் எலும்பு, கர்ப்பப்பை எல்லாமே அப்படித்தான். நோயாளி உட்கார்ந்து, முதுகை வளைத்து, அசையாமல் இருக்க வேண்டும். பயத்தில் யார் அசையாமல் இருப்பார்கள்? அங்கேதான் சவுரிமுத்து அண்ணன் வருவார். நோயாளியின் முன்னால் நின்று, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “அப்டியே என் மேல சாஞ்சிக்கோ. இன்னா ஊரு நீங்க? பசங்க எத்தினி?” என்று பேச்சுக் கொடுப்பார். பிள்ளைகள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறிவிடும்.

பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சை முதலில் கையில் வைப்பார். “சில்லுனு கீதா?” அப்புறம் தொடையில், வயிற்றில், ஒவ்வொரு இடமாக. “இங்க சில்லுனு கீதா? இங்க?” எதுவரை சில்லென்று இல்லையோ அதுவரை மருந்து ஏறியிருக்கிறது என்று கணக்கு. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்யும் சௌகத் அலி என்பவர், நர்ஸ் தூக்கிய காலைப் பார்த்து அலறிவிட்டார். “யாருது அந்தக் காலு?”

“உங்களுதுதான் பாய். மூணு மணி நேரத்துக்கு எங்களாண்ட வாடகைக்கு கீது. பத்திரமா திருப்பிக் குடுத்துடுவோம்.”

பாய் சிரித்த சிரிப்பில் ஆபரேஷன் மேஜையே ஆடியது என்றார்கள்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் போன வருடம் ஜூலையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்றிதழ் வாங்கப்போகிறார்களாம். டிப்ளமோ இல்லாதவர்கள் ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து தியேட்டருக்குள் வேலை செய்யக் கூடாதாம். சவுரிமுத்து அண்ணனுக்கு மறுபடி ஸ்ட்ரெச்சர், அதுவும் பழுப்பு உடையில். ஐம்பத்திரண்டு வயதில், தான் வேலை சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் உள்ளே நிற்க, கதவுவரை நோயாளியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

“வேல போனாக்கூட பரவால்ல சிஸ்டர்,” என்றார் என்னிடம். “அந்தக் கதவுக்கு இந்தாண்ட நிக்கச் சொல்றாங்க பாரு, அத்தத்தான் தாங்க முடில.”

வாய்க்கு வந்த ஆறுதலைச் சொன்னேன். அவரைக் காப்பாற்றக் கிளம்பியது எங்கள் மயக்க மருந்து டாக்டர் ராஜாராமன்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாதவர். காலையில் எங்களிடம், மத்தியானம் நாவலூரில் ஒரு ஆஸ்பத்திரி, சாயங்காலம் வேறு எங்கேயோ என்று ஓடிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. முதுகு ஊசிக்கு இத்தனை வருடமாகப் போடுகிற பழைய மருந்து பூபிவகைன். இப்போது ரோபிவகைன் என்று புதிதாக ஒன்று. இரண்டில் எது சீக்கிரம் மரக்க வைக்கிறது, எது கால்களைச் சீக்கிரம் விடுகிறது, எது அதிக நேரம் வலி தெரியாமல் வைத்திருக்கிறது என்று அறுபது பேரிடம் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை அது.

“சவுரி, நீங்கதான் எல்லாம் பாத்து எழுதணும்,” என்றார் டாக்டர். “பேப்பர்ல உங்க பேரையும் போடறேன். அதைக் காமிச்சு மேனேஜ்மென்ட்ல பேசறேன். ரிசர்ச் டெக்னீஷியன்னு ஒரு போஸ்ட் போட்டா டிப்ளமோ கேக்க மாட்டாங்க. பேப்பர் போச்சுன்னா நீங்க உள்ளதான்.”

அன்றைக்குச் சவுரிமுத்து அண்ணன் தியேட்டரில் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். கட்டம் போட்ட தாள். எந்த மருந்து என்று அவருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. டாக்டர் தனியாகச் சீட்டுக் குலுக்கி, தானே மருந்தை ஏற்றிக்கொண்டு வருவார். சொல்லாவிட்டால் என்ன? நோயாளி கால் கட்டைவிரலை அசைக்கிற நேரத்தை வைத்தே அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். “இது புச்சு. ரெண்டு மணி நேரத்துல உட்டுது பாரு. பழசுன்னா மூணுக்குக் கம்மியா விடாது.” ஆனால் தாளில் எழுதும்போது கண்ணால் பார்த்ததைத் தவிர ஒன்றும் எழுத மாட்டார். பத்து முப்பத்தேழு என்றால் பத்து முப்பத்தேழுதான், பத்தரை என்று எழுத மாட்டார்.

தாளின் கடைசிக் கட்டம் மட்டும் என் பொறுப்பு. நோயாளி வார்டுக்கு வந்த பிறகு, முதல்முதலாக வலி என்று சொன்ன நேரத்தை எழுதி, வலி ஊசியைப் போட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை போய்க் கேட்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனேன். கேட்டேன். அதில் நான் சோம்பேறித்தனம் செய்யவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு என் மனசாட்சி பிடித்துக்கொண்டு தொங்கியது இந்த ஒரு வரியைத்தான்.

டாக்டர் ஒரு காரியம் செய்திருந்தார். ஒரு நோயாளிக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டியதை, ஒரு நாளுக்கு ஒரு சீட்டு என்று எடுத்தார். இரண்டு மருந்தும் ஒரே நாளில் மேஜையில் இருந்தால் கை மாறிப்போகும் என்ற பயம். நியாயமான பயம்தான். எலும்பு டாக்டருக்குத் திங்களும் புதனும், பெண்களுக்கான டாக்டருக்குச் செவ்வாயும் வியாழனும் ஆபரேஷன் நாட்கள். சீட்டு விழுந்த விதத்தில், வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வந்த ஆண்களுக்குப் பெரும்பாலும் பழைய மருந்து போனது. கர்ப்பப்பை எடுக்க வந்த பெண்களுக்குப் பெரும்பாலும் புதிய மருந்து போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி வந்தபோது கிட்டத்தட்ட ஐம்பது தாள் சேர்ந்திருந்தது. டாக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. “வெளியூர்ல எல்லாரும் ரோபி சீக்கிரம் விட்டுடும், வலி சீக்கிரம் வந்துடும்னுதான் எழுதியிருக்காங்க. நம்ம டேட்டா பாருங்க, ஸ்ரீவித்யா. கால் ரெண்டு மணி நேரத்துல அசையுது, ஆனா வலி அஞ்சு மணி நேரம் கழிச்சுதான் வருது. நோயாளிக்கு இதைவிட என்ன வேணும்? இனிமே புது மருந்து போட்டவங்களுக்கு அஞ்சாவது மணி நேரம்தான் ஊசின்னு ஆர்டரையே மாத்திடலாம்.”

நானும் சந்தோஷப்பட்டேன். என் கட்டத்திலிருந்து வந்த எண் அல்லவா!

சவுரிமுத்து அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். “அது எப்டி சிஸ்டர்? காலு முயிச்சிகிச்சி, சில்லுனு கீதுன்னு சொல்லுது, வெட்டுன எடம் மட்டும் தூங்குமா? எங்கியோ தப்பு கீது.”

“என் கட்டத்துல தப்புன்னு சொல்றீங்களா அண்ணா?” என்று நான் பாய்ந்தேன்.

“உன்னச் சொல்லல சிஸ்டர்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், தன் சாப்பாட்டு நேரத்தில், அவர் வார்டுக்கே வந்துவிட்டார். ஏழாம் நம்பர் கட்டிலில் பாலாம்பாள் என்று ஒரு அம்மாள். ஐம்பத்தெட்டு வயது, நாவலூரில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல். காலையில்தான் கர்ப்பப்பை எடுத்திருந்தது. பக்கத்தில் மகன் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் கட்டில் கால்மாட்டில் நின்று கேட்டேன். “என்னம்மா, வலி இருக்கா?”

“இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்காங்க,” என்றான் மகன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

சவுரிமுத்து அண்ணன் நகரவில்லை. அந்த அம்மாளின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கால்விரல்கள் பத்தும் மடங்கிப் போர்வையைக் கவ்விப் பிடித்திருந்தன. அவர் மகனிடம், “தம்பி, கீழ மருந்துக் கடையாண்ட உங்க பேரைக் கூப்டாங்க, போய்ப் பாத்துட்டு வா,” என்றார். பொய். அவன் போனதும் குனிந்து, “யம்மா, நெசமாச் சொல்லு. வலிக்குதா?” என்றார்.

அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “பன்னண்டு மணிலேர்ந்து உயிர் போவுதுப்பா.”

“சிஸ்டர் வந்து கேட்டாங்களே, சொல்றதுக்கு இன்னா?”

“அவங்க எங்கிட்டயா கேட்டாங்க? புள்ளகிட்டல்ல கேட்டாங்க. அவன் இல்லன்னுட்டான். அதுக்கு மேல நான் ஒண்ணு சொன்னா, நாலு பேர் முன்னாடி அவன் மொகம் என்னா ஆவும்?”

நான் எட்டாம் நம்பர் கட்டிலருகே கையில் தாளோடு நின்றேன். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் நோயாளியைப் பார்த்துத்தான் கேட்கிறேன் என்று பதினான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்வியைக் கட்டில் பக்கம் வீசிவிட்டு, முதலில் வருகிற பதிலை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். ஆண்கள் வார்டில் பெண்டாட்டிகள் பதில் சொன்னார்கள். “அவருக்கு வலிக்குது சிஸ்டர், சீக்கிரம் வாங்க, பாக்க முடியல,” என்று வராந்தாவுக்கே ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெண்கள் வார்டில் புருஷன், மகன், மாமியார். “ஒண்ணும் இல்ல, சும்மா கிடக்கறா.” நாங்கள் இரண்டு மருந்தை ஒப்பிடவே இல்லை. யாருக்காக யார் பதைபதைக்கிறார்கள் என்பதைத்தான் ஏழு மாதமாக மணி பார்த்து எழுதியிருக்கிறோம்.

பாலாம்பாளுக்கு உடனே ஊசி போட்டேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அது போகட்டும்.

மறுநாள் தியேட்டர் வராந்தாவில் சவுரிமுத்து அண்ணன் டாக்டரைப் பிடித்தார். நானும் கூட நின்றேன். அண்ணன் நடந்ததைச் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சவுரி, ‘வலி என்று தெரிவித்த நேரம்’னுதான் ஃபார்ம்ல இருக்கு. யார் தெரிவிச்சாங்கன்னு நம்ம கேக்கலை. டெக்னிக்கலா அது தப்பில்லை.”

“வலி அந்தம்மாவுக்கு சார். தெரிவிச்சது அவங்க புள்ள.”

“புரியுது. ஆனா இதை ஒத்துக்கிட்டா ஐம்பது பேரும் வேஸ்ட். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், ஒரு வருஷம் ஆகும். ஏப்ரல் உங்களுக்காகக் காத்திருக்குமா?” அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையான கவலையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அண்ணன் தியேட்டர் கதவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். “சரி, ஒண்ணு செய்யலாம்,” என்றார். “இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. அவங்க கிட்ட நேரா கேளுங்க.”

அந்தப் பத்தில் ஒன்பது பேர், சொல்லிவைத்த மாதிரி, எலும்பு டாக்டரின் ஆட்களாக வந்து சேர்ந்தார்கள். பழைய மருந்து, ஆண்கள். அவர்களிடம் நேராகக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எண் மாறவில்லை, மூன்று மணி நேரம் சொச்சம். மருந்துக்கு முப்பது பேர் என்ற கணக்கில், புதிய மருந்தில் ஒரே ஒரு பெண் பாக்கி. மார்ச் கடைசி வாரம், வியாழக்கிழமை. அறுபதாவது தாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவங்க மட்டும் சீக்கிரம் வலிக்குதுன்னு சொல்லட்டும், பேப்பரை நிறுத்திடறேன். பழசையெல்லாம் திரும்பப் பாக்கறேன். வாக்கு.” ஒரு ஆளை வைத்து அறுபதைத் தீர்மானிக்க முடியாது என்று எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? அப்படி ஒரு பேச்சு அவருக்குத் தேவைப்பட்டது, எங்களுக்கும் தேவைப்பட்டது.

அந்த ஒரு பெண் யார் என்றால், அருள்மேரி அக்கா. சவுரிமுத்து அண்ணனின் மனைவி.

இரண்டு வருடமாக உதிரப்போக்கு. ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு என்பதால் எங்களிடமே ஆபரேஷன். அருள்மேரி அக்காவைத் தெரியாதவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. கோவிலம்பாக்கத்தில் வீட்டு வாசலில் இட்லிக்கடை. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்தால் வாட்ச்மேனிலிருந்து எம்.டி. வரை எல்லோரையும் உரிமையாகத் திட்டிவிட்டுத்தான் கொடுப்பார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பஞ்சாயத்து ஆபீசுக்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிற ரகம்.

“நல்ல ஆளுகிட்டதான் மாட்டிச்சு பேப்பரு,” என்று சவுரிமுத்து அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “வலிச்சா இவ ஊரையே கூட்டிடுவா. யாரு பதில் சொன்னாலும் இவ வாய மூட முடியாது. நீ கேளு சிஸ்டர், நேரா அவ மொகத்தப் பாத்துக் கேளு.”

“ஏப்ரல், அண்ணா?” என்றேன்.

“போனா போவுது சிஸ்டர். பொய் எழுதி உள்ள நிக்கறதுக்கு, வெளிய நிக்கலாம்.”

அன்றைக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அருள்மேரி அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணன்தான் தோள் கொடுத்தார். “இன்னா ஊரு நீங்க, பசங்க எத்தினி?” என்று அவர் வழக்கமான கேள்வியைக் கேட்க, “த்தூ, ஒரே ஒரு பொண்ணு ஏஞ்சல பெத்துட்டு ஒன்ன வெச்சி மாரடிக்கறேன், கேக்கறாரு கேள்வி,” என்று அக்கா சொல்ல, டாக்டர் சிரித்து ஊசியைச் சற்று நிறுத்த வேண்டியதாயிற்று. ஒன்பது பத்துக்கு மருந்து ஏறியது. ஆபரேஷன் முடிந்து பத்தரைக்கு அக்கா வார்டுக்கு வந்தார். டாக்டர் நாவலூருக்குக் கிளம்பிப் போனார்.

பதினோரு மணிக்கு தீபலட்சுமி வந்தாள். ஊழியர் பிரிவில் இருக்கிற பெண். சின்ன வயது, நல்ல சுபாவம். வாயெல்லாம் சிரிப்பாக, கையில் ஒரு கவர். கட்டிலருகே நின்றிருந்த சவுரிமுத்து அண்ணனிடம் கவரைத் திறந்து காட்டினாள். ரிசர்ச் டெக்னீஷியன் என்று அவர் பெயருக்கு டைப் அடித்த உத்தரவு.

“எம்.டி. சைன் மட்டும்தான் பாக்கி சார். டாக்டர் சார் இன்னிக்கு ஈவினிங் பேப்பரை அனுப்பிட்டேன்னு மெயில் போட்டா, நாளைக்கே சைன் ஆயிடும். அது வரலைன்னா மட்டும், ஒண்ணாம் தேதிலேர்ந்து ஸ்ட்ரெச்சர் லிஸ்ட்ல உங்க பேர் போயிடும். ஆனா வந்துடும் சார், கவலைப்படாதீங்க.” பிறகு தயங்கினாள். “ப்ரவுன் யூனிஃபார்முக்கு அளவு எடுக்கணும்னு ஸ்டோர்ல கேட்டாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன் சார். சரிதானே?”

அண்ணன் அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்தார். ஆங்கிலத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தீபலட்சுமி அதை வாங்கி மறுபடி கவரில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினொன்றே காலுக்கு நான் தாளோடு கட்டிலருகே போனேன். கால்மாட்டில் நிற்கவில்லை. தலைமாட்டுக்குப் போய், குனிந்து, முகத்தைப் பார்த்தேன். அக்காவின் நெற்றியெல்லாம் வியர்வை.

“அக்கா, உங்களத்தான் கேக்கறேன். வலிக்குதா?”

“வலிக்குதாவா? உயிரே போவுதும்மா. உள்ளாற கத்தி வெச்சி கிண்டற மாரி கீது. ஊசிய போடு மொதல்ல, அப்பால கேளு.”

நான் பேனாவைத் திறந்தேன். பதினொன்று பதினாறு.

“இல்ல சிஸ்டர்,” என்றார் சவுரிமுத்து அண்ணன்.

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பயத்துல சொல்றா. மொதோ ஆபரேசன் இல்லியா, அதான். காலு இன்னும் மரத்துத்தான் கீது. நான் பாத்தேன். வலி இல்ல, எய்திக்கோ.”

“யோவ்!” என்றார் அக்கா. “இன்னாய்யா சொல்ற? எனக்கு வலிக்குதுய்யா!”

“கொஞ்சம் கம்முனு இரு மேரி. எனக்குத் தெரியும். இருபத்தாறு வருசமா பாக்கறேன்.”

அக்கா அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்துக்கு முகம், ஒரு சாண் தூரத்தில். போர்வைக்குக் கீழே அவர் முழங்கால் மடங்கி மடங்கி நீண்டது. மரத்துப்போன கால் அப்படி மடங்காது என்று எனக்குத் தெரியும். எனக்கே தெரியும்போது சவுரிமுத்து அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று என்னையே ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். அண்ணனின் வேலை என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அவரே சொல்லும்போது நான் யார் என்று இன்னொன்று. இரண்டும் நொண்டிச் சாக்கு. தாளில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு ஊசியை ரகசியமாகப் போட்டிருக்கலாம். யார் தலையும் போயிருக்காது. அந்தச் சின்ன விஷயம்கூட மறுநாள் ரயிலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரத்தில் எனக்குக் கட்டம்தான் தெரிந்தது, கட்டிலில் கிடந்தவர் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அருள்மேரி அக்கா வாயே திறக்கவில்லை. கத்துவார், திட்டுவார், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் ஊசியைப் போட்டிருப்பேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அரை மணிக்கு ஒரு தடவை போனேன். கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அண்ணன் ஒவ்வொரு தடவையும், “இல்ல,” என்றார். கடைசித் தடவைகளில் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பத்துக்கு, சரியாக ஐந்தாவது மணி நேரத்தில், “வலிக்குதாம்,” என்றார். ஊசி போட்டேன். அக்காவின் கீழுதடு பல் பட்டுக் கிழிந்திருந்தது. அதற்கு மருந்து வைக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டார்.

சாயங்காலம் டாக்டர் வந்து அறுபதாவது தாளை வாங்கிப் பார்த்தார். “நேரா கேட்டீங்கதானே?” என்றார்.

“கேட்டேன் சார்,” என்றேன். அது பொய் இல்லை பாருங்கள்!

கட்டுரை போனது. உத்தரவில் கையெழுத்து விழுந்தது. சவுரிமுத்து அண்ணன் பச்சை உடையில், கதவுக்கு உள்ளேதான் நிற்கிறார். புதிய மருந்து போட்டவர்களுக்கு ஐந்தாவது மணி நேரத்தில்தான் ஊசி என்று வார்டில் ஆர்டர் ஒட்டியிருக்கிறார்கள். நான் உறவுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் கேட்டு, ஆர்டரை மீறி ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மாட்டினால் மாட்டட்டும். அதை ஒரு புண்ணியம் என்று யாரும் சொல்ல வேண்டாம், எனக்கு வாந்தி வரும்.

அண்ணனும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. எதிரில் வந்தால் அவர் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்ப்பார், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். போன வாரம், லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போடும்வரை இருட்டில் நின்றோம். நான்தான் கேட்டேன், “அக்கா எப்படி இருக்காங்க?”

“கீறா,” என்றார். “கட தொறந்துட்டா. இட்லி ஊத்தறா, ஏஞ்சலாண்ட சிரிக்கறா, என்னாண்டயும் பேசறா. சோறு போடறா. ஒண்ணும் கொறையில்ல சிஸ்டர்.”

“அப்புறம் என்ன அண்ணா?”

“போன மாசம் ஒரே காய்ச்சலு. உள்ளாற புண்ணு சீழ் வெச்சிகினு இருந்துகீது. நாலு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. தனியா ஷேர் ஆட்டோ புடிச்சி மேடவாக்கத்துல யாரோ டாக்டராண்ட போய்ட்டு வந்துகீறா. மாத்திர சீட்டப் பாத்துதான் எனக்கே தெரியும். பதறிப்போய்க் கேட்டேன் சிஸ்டர், ‘மேரி, வலிக்குதா’ன்னு.”

விளக்கு வந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி ஏறத் தொடங்கியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“‘என்னை இன்னாத்துக்குக் கேக்கற? நீயே சொல்லிக்கோ’ன்னுட்டு, இட்லிக்கு மாவு கரைக்கப் போய்ட்டா.”